கமலாசனி என்று கையெழுத்திட்டவள்

கொன்றையடிக்குளம் ஆஸ்பத்திரிக்கு மாதந்தோறும் வந்த சாமான் பட்டியலில் பன்னிரண்டு வரிகள் இருந்தன. முதலாம் வரி குத்தரிசி, ஆறு அந்தர். ஒன்பதாம் வரி மண்ணெண்ணெய், எட்டு ரின். பத்தாம் வரி விளக்குமாறு, இருபத்துநாலு. பதினோராம் வரி பெண் சிப்பந்திகள், நாலு. பன்னிரண்டாம் வரி வாழையிலை.

யாக்கோப்பு யூலிற்றா அந்தப் பதினோராம் வரியில் எட்டு வருடம் ஒரு மாதம் பதினொரு நாள் இருந்தாள். விளக்குமாற்றுக்குக் கீழே, வாழையிலைக்கு மேலே.

இப்படி ஒரு பட்டியல் எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். புளியங்குளம் சந்தியிலிருந்து கிழக்கே பதினாலு மைலில் இருந்தது அந்த ஆஸ்பத்திரி. கட்டில்கள் முப்பத்திரண்டு. நேர்ஸ்மாருக்கு இரண்டு நிரந்தர இடங்கள் இருந்தன. அந்த இடங்களுக்கு நியமனம் பெற்று வந்தவர்கள் ட்ரங்குப் பெட்டியை முழுதாக அவிழ்க்குமுன் சுகயீன லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி பத்தொன்பது நாள் நின்றாள். அவள்தான் கூட நாள் நின்றவள். 1955இல் சுகாதாரப் பகுதிக் கந்தோர் ஒரு வழி கண்டுபிடித்தது. ஆஸ்பத்திரிக்கு அரிசி பருப்பு விடுகிற கொந்தராத்துக்காரர் அப்புத்துரையே ஆளும் விடட்டும் என்று எழுதிவிட்டது. அவருக்குப் புளியங்குளத்தில் கடை இருந்தது. லொறி இருந்தது. ஏழை எளிய பெண்களின் விலாசங்களும் இருந்தன. சம்பளம் அவருடைய கையால் வந்தது. வருகிற வழியில் அது மெலிந்தது. அதைப்பற்றி இங்கே அதற்கு மேல் எழுதத் தேவையில்லை. அவர் எடுத்ததில் அது ஆகச் சிறியது.

யூலிற்றா முல்லைத்தீவுக் கரையில் 1929ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி பிறந்தவள். தகப்பன் யாக்கோப்பு கரைவலைக்காரர். புருஷன் லோறன்ஸ் 1954 நவம்பரில் கடல் தொழிலுக்குப் போனவன், திரும்பவில்லை. பிள்ளையில்லை. கன்னியர் மடத்து மருந்துச்சாலையில் ஒன்றேகால் வருடம் கூடமாட நின்று, புண் கழுவவும் கட்டுப் போடவும் காய்ச்சல் பார்க்கவும் பழகினாள். 1956 ஜூலை 2ஆம் திகதி, திங்கட்கிழமை, அப்புத்துரையின் லொறியில் அரிசி மூட்டைகளுக்கு மேலே இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து இறங்கினாள்.

அவளை அற்றென்டன் என்றார்கள். செய்தது நேர்ஸ் வேலை. இடுப்பு முறிந்து மூன்று மாதம் மல்லாந்து கிடந்த கிழவிக்கு முதுகில் ஒரு புண் வராமல், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தாள். பாம்பு கடித்து வந்தவர்களின் கண்ணிமை விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே பக்கத்துக் கட்டில் பிள்ளைக்குக் கஞ்சி பருக்கினாள். ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாயிருந்து வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி சிற்றம்பலம் ஊசி போடுகையில் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதில்லை. யூலிற்றாவின் முகத்தைப் பார்ப்பார். அவள் தலையசைத்தால் போடுவார்.

இருந்தும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவள் இல்லாமல் போனாள். தற்காலிகமாக நிற்பவர் ஆறு மாதம் முறியாமல் வேலை செய்தால் பெயர் அரசாங்க இடாப்பில் ஏற வேண்டும். அதனால் இருபத்தைந்து கிழமை முடிந்ததும் பெயரை வெட்டி, ஒரு கிழமை வெளியே வைத்து, மறுபடி புதிதாகச் சேர்ப்பார்கள். பெண்கள் அதற்கு வைத்த பெயரே வெட்டு. யூலிற்றாவின் வெட்டு ஒன்றுவிட்டொன்று கிறிஸ்து பிறந்த நத்தார்க் கிழமையில் விழுந்தது. “வேதக்காரப் பெட்டையளுக்குப் பெருநாள் லீவு குடுக்கிற ஒரே முதலாளி நான்தான்” என்று அப்புத்துரை அதையும் தன் புண்ணியக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அவளுடைய மூன்றாவது வெட்டு 1957 டிசம்பர் 23 முதல் 29 வரை. துணியைக் கட்டி வைத்திருந்தாள். மழை விடவில்லை. குளம் உடைத்து, தெரு இரண்டு பக்கமும் அறுந்தது. கதவுப் பலகையில் வைத்தும் மாட்டு வண்டியிலும் சனத்தைக் கொண்டுவந்தார்கள். முப்பத்திரண்டு கட்டிலில் தொண்ணூற்றொரு பேர். அந்த ஏழு நாளும் யூலிற்றா வாட்டை விட்டு இறங்கவில்லை. மூன்று பிள்ளைகள் அவள் கையில் பிறந்தன. நத்தார் காலையில் பிறந்த பிள்ளையை அவள் தன் பெருநாள் சேலையைக் கிழித்துத்தான் சுற்றினாள்.

மாசியில் மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அப்போதிக்கரியின் பெயர் இருந்தது. மருந்து கலக்குபவரின் பெயர் இருந்தது. காவற்காரனின் பெயர்கூட இருந்தது.

“ஐயா, அப்ப நான் எங்கை நிண்டனான்?” என்று கேட்டாள்.

சிற்றம்பலம் கண்ணாடியைத் துடைத்தார். “கடதாசிப்படி நீ நத்தாருக்கு வீட்டை போட்டாய், பிள்ளை.”

“கடதாசி நனைஞ்சிருக்காது ஐயா. நான் நனைஞ்சனான்.”

அவர் கெட்ட மனிதரல்லர். கையெழுத்துக் கேட்ட தாளில் கையெழுத்துப் போடுகிற மனிதர். அப்படிப்பட்டவர்களை வைத்துத்தான் இவையெல்லாம் நடந்தன.

ஏழு வெட்டு முடிந்து, 1959 டிசம்பர் 28ஆம் திகதி காலை யூலிற்றா திரும்பி வந்தபோது அப்புத்துரை ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்.

“ஏழு தரம் வெட்டின பேரை இனி எடுக்கேலாதாம். கந்தோரிலை ஒரு புதுக் கிளாக்கர் வந்திருக்கிறான், குடைஞ்சு குடைஞ்சு பாக்கிறான்.”

“அப்ப என்னைத் திரும்பிப் போகச் சொல்லுறியளோ, முதலாளி?”

“ஆர் போகச் சொன்னது? ஆள் அதே ஆள். பேரைத்தான் மாத்திறம். கமலாசனி எண்டு போட்டிருக்கிறன்.”

“அது ஆற்றை பேர்?”

“ஒருத்தற்றையுமில்லை. வாயிலை வந்தது.”

“நான் ஞானஸ்நானம் எடுத்தவள். கமலாசனி எண்டு எழுதினால் ஆண்டவருக்கு ஆளைத் தெரியுமோ?”

“ஆண்டவருக்குத் தெரிஞ்சிருக்கட்டும். கிளாக்கருக்குத் தெரியாமல் இருந்தால் காணும். உள்ளை போ, ரெண்டு பிள்ளைப்பேறு நிக்குது.”

இரண்டு பிள்ளைப்பேறு நின்றது உண்மை. உள்ளே போனாள். அன்று பிற்பகல் இரண்டு மணிக்குப் பாரங்கொடுக்கும் புத்தகத்தைத் திறந்தாள். வாட்டில் ஒருவருடைய நேரம் முடிந்து அடுத்தவர் வரும்போது, எந்தக் கட்டிலில் யார், என்ன வருத்தம், என்ன மருந்து கொடுத்தது என்று எழுதி, பாரம் கொடுத்தவரும் எடுத்தவரும் கையெழுத்திடும் புத்தகம் அது. தாளின் தலையில் சின்னதாக ஒரு சிலுவைக் குறி போட்டாள். அது அவள் யோசித்துச் செய்ததல்ல. கன்னியர் மடத்துப் பள்ளியில் முதலாம் வகுப்பில் பழக்கியது; கடிதமானாலும் கடைச் சிட்டையானாலும் அந்தக் குறி இல்லாமல் அவளுடைய பேனை ஓடாது. பிறகு பதினெட்டுக் கட்டிலையும் எழுதி, அடியில் கமலாசனி என்று வைத்தாள்.

1960 ஜூனில் வழக்கப்படி துணியைக் கட்டினாள். வெட்டு வரவில்லை. டிசம்பரிலும் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. முதலாளிக்கு மனம் இரங்கிவிட்டது என்று யூலிற்றா நம்பினாள். லீவு நாளான ஞாயிறுகளில் பூசைக்குப் போய், லோறன்சுக்கு ஒரு மெழுகுதிரியும் அப்புத்துரைக்கு ஒரு மெழுகுதிரியும் கொளுத்தினாள். நாலரை வருடம் அந்த மனிதனுக்காக மன்றாடினாள். பின்னாளில் அவளுக்கு ஆகக் கூடின ஆத்திரம் இதில்தான் வந்தது.

1964 ஜூலையில் ஓர் அறிவித்தல் வந்தது. சிங்களத்தில் இருந்தது. ஆஸ்பத்திரிக் கந்தோர்க் கிளாக்கர் வாசித்துச் சொன்னார்: கொன்றையடிக்குளத்தில் பெண் சிப்பந்தி ஒருவருக்கு நிரந்தர இடம். நாலு வருடம் முறியாமல் வேலை செய்திருக்க வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் நாலு வருடம் முறியாமல் நின்ற பெண் ஒருத்திதான். பெட்டிசன் எழுதுபவரிடம் போய், பெயர் மாறிய விபரத்தையும் சேர்த்து, விண்ணப்பம் எழுதி அனுப்பினாள். இருபதாம் நாள் பதில் வந்தது. யாக்கோப்பு யூலிற்றா என்பவரின் வேலை 20-12-1959 உடன் முடிந்துவிட்டது, அவர் தகுதியற்றவர். தகுதியுள்ளவர் கமலாசனி என்பவர். அவருடைய விண்ணப்பமும் பிறப்புச் சாட்சிப் பத்திரமும் கிடைத்துள்ளன.

அவள் அந்தக் கடிதத்தைக் கிளாக்கரிடம் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னாள். வாயில் வந்த பேருக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எப்படி இருக்கும்?

அடுத்த பஸ்ஸில் புளியங்குளத்துக்குப் போனாள். அப்புத்துரை கடைக் கதிரையில் இருந்தார். முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது அவருக்கு.

“இரு பிள்ளை. தேத்தண்ணி குடி.”

“கமலாசனி எண்டு ஒரு ஆள் இருக்கிறாவோ முதலாளி?”

“என்ரை மனிசியின்ரை தங்கச்சி. நெளுக்குளத்திலை இருக்கிறாள். கலியாணம் ஒண்டும் சரிவரேல்லை. அரசாங்க உத்தியோகம் எண்டால் மாப்பிளை பகுதி ஓமெண்ணும்.”

“அவா ஒரு நாளெண்டாலும் ஆஸ்பத்திரி மிதிச்சவாவோ?”

“மிதிக்கத்தானே போறாள்.”

“என்ரை வெட்டை நிப்பாட்டினது அதுக்கோ?”

அவர் ஏலக்காயை வாயில் போட்டார். “நிப்பாட்டினதாலை உனக்கும் ஒரு கிழமை வேலை மிச்சம்தானே. நட்டம் ஆருக்கு? நீ ஒண்டுக்கும் யோசியாதை. வேறை பேரிலை உன்னை வைச்சிருப்பன். நான் உள்ளமட்டும் உனக்கு வேலை இருக்கும்.”

“நாலரை வருசம் உங்களுக்கு மெழுகுதிரி கொளுத்தினனான்” என்றாள் யூலிற்றா. “அந்த நெருப்பு எங்கையும் போகாது. பாத்துக்கொள்ளுங்கோ.”

தேத்தண்ணீரைத் தொடவில்லை.

யூலிற்றா மேலிடத்துக்கு இரண்டாவது பெட்டிசன் எழுதுவித்தாள். விசாரணை ஆகஸ்ட் 12ஆம் திகதி, புதன்கிழமை, ஆஸ்பத்திரிக் கந்தோர் அறையில் வைத்தார்கள். பெரிய டொக்டர் ஒருவரும், நியமனங்களைப் பார்க்கும் அதிகாரி ஒருவரும் ஜீப்பில் வந்தார்கள். மேசையின் ஓரத்தில் சிற்றம்பலம். சுவரோரம் அப்புத்துரை, வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு. அவருக்குப் பக்கத்தில் கமலாசனி. முப்பது வயதிருக்கும். நல்ல சேலை; மடியில் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டிருந்தாள். கமலாசனி என்ற பெயருக்கு ஒரு முகமும் மூக்குத்தியும் இருப்பதை யூலிற்றா அன்றுதான் கண்டாள்.

அதிகாரி சிற்றம்பலத்தைத்தான் முதலில் கேட்டார்.

“இந்த ரெண்டு பேரிலை ஆர் உங்கடை வாட்டிலை வேலை செய்தது?”

ஆஸ்பத்திரி முழுவதுக்கும் தெரிந்த விடயம். நோயாளிகளுக்குத் தெரியும். வாசலில் படுக்கும் நாய்க்குத் தெரியும். ஆனால் ஐந்து பாரப் புத்தகங்களிலும் ஒவ்வொரு தாளின் கீழும் சரிபார்த்தது என்று சிற்றம்பலத்தின் கையெழுத்து இருந்தது. கமலாசனி இல்லை என்றால், அவர் சரிபார்த்தது எதை?

“புத்தகத்திலை கமலாசனி எண்டு இருக்கு, சேர்” என்றார்.

“புத்தகத்தைக் கேக்கேல்லை, உங்களைக் கேக்கிறன்.”

“புத்தகத்திலை இருக்கிறதுதான் சேர் எனக்குத் தெரிஞ்சது.”

யூலிற்றா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு வருடம் ஊசி போடுமுன் அவள் முகத்தைப் பார்த்த மனிதர், அன்று மைக்கூட்டைப் பார்த்தார்.

“அப்ப புத்தகத்தையே கொண்டுவாங்கோ” என்றாள் அவள். “அஞ்சையும் கொண்டுவாங்கோ. அவாவும் எழுதட்டும், நானும் எழுதிறன். கட்டில் பாரம் எழுதுற மாதிரி ஒரு தாள்.”

டொக்டருக்கு அது நியாயமாகப் பட்டது. புத்தகங்கள் வந்தன. இரண்டு தாளும் இரண்டு பேனையும் கொடுத்தார்கள். அப்புத்துரை பயப்படவில்லை. ஒரு பழைய பாரத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய், அதைப் பார்த்து எழுதி எழுதிக் கமலாசனிக்கு ஒரு மாதமாகக் கை பழக்கியிருந்தார். எட்டாம் வகுப்புப் படித்த பெண். கை நன்றாகவே பழகியிருந்தது. எழுத்தின் சாய்வு, மகரத்தின் வால், கையெழுத்தின் கீழ்க்கோடு எல்லாம் அச்சு. அதிகாரி இரண்டு தாளையும் புத்தகத்தோடு வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கு.”

யூலிற்றா மேசைக்குக் கிட்டப் போனாள். எழுத்தைப் பார்க்கவில்லை. கமலாசனியின் தாளில் எழுத்துத் தொடங்குமுன்பு இருந்ததைப் பார்த்தாள்.

“சேர், தாளின்ரை தலையைப் பாருங்கோ.”

கமலாசனியின் தாள் தலைப்பில் ஒரு பிள்ளையார் சுழி இருந்தது. அளவாக, அழகாக, நடுவில். சைவப் பிள்ளை; அது போடாமல் அவளுக்கு எழுத்து வராது. பார்த்தெழுதிய தாளின் தலையில் இருந்ததை ஒரு மாதம் கை பழகியவளும் காணவில்லை, பழக்கியவரும் காணவில்லை. இருவருக்கும் அது எழுத்தில் சேர்த்தியே அல்ல.

டொக்டர் புத்தகத்தைத் திறந்தார். சிலுவை. அடுத்த தாள், சிலுவை. நடுவில் விரித்தார். கடைசிப் புத்தகத்தை எடுத்தார். 28-12-1959 முதல் 31-7-1964 வரை ஆயிரத்து அறுநூற்று எழுபத்தெட்டு நாள். அதில் ஞாயிறுகள் இருநூற்று முப்பத்தொன்பது. தாய் செத்தபோது வேலை நாள் ஒன்பது அவள் வரவில்லை. மிச்சம் ஆயிரத்து நானூற்று முப்பது தாள். எல்லாவற்றின் அடியிலும் கமலாசனி. எல்லாவற்றின் தலையிலும் சிலுவை.

டொக்டர் கமலாசனியை நிமிர்ந்து பார்த்தார். “நீங்கள் வேதமோ, தங்கச்சி?”

அவள் அப்புத்துரையைப் பார்த்தாள். “அத்தான்தான்...” என்றாள். பிறகு கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

கதை அங்கே நேராக முடிந்திருக்கவேண்டும். அதிகாரி பேனையை மூடினார்.

“கமலாசனி வேலை செய்யேல்லை எண்டு தெரியுது. அவவின்ரை விண்ணப்பம் தள்ளுபடி. ஆனால் யூலிற்றா, அரசாங்கப் புத்தகத்திலை ஆயிரத்து நானூறு தரம் இல்லாத பேரிலை கையெழுத்துப் போட்டிருக்கிறாய். இப்ப நீயே அதை நிரூபிச்சுப் போட்டாய். இது குற்றம். பொலிசுக்குக் குடுக்காமல் விடுறன். இடத்தைக் குடுக்கேலாது.”

“போடச் சொன்னவர் உங்களுக்குப் பின்னாலை நிக்கிறார், சேர்.”

“அவர் சாமான் விடுகிறவர். புத்தகத்திலை அவற்றை கையெழுத்து இல்லை.”

டொக்டர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். சிற்றம்பலத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும் என்றார்கள். கொந்தராத்தைப் பற்றி அதிகாரி சொன்னது இதுதான்: வேறு ஒருவரும் அதைக் கேட்டு வருவதில்லை, அது அவரிடமே இருக்கட்டும். ஜீப் பதினொன்றரைக்குப் போய்விட்டது.

வெளியே அப்புத்துரை மரநிழலில் நின்று அவளைக் கூப்பிட்டார். கோபமாகக்கூட இல்லை.

“சரி, நடந்தது நடந்து போச்சு. நாளையிலை இருந்து மார்கிறட் எண்டு வைப்பம். வேதப் பேர். சிலுவையும் பொருந்தும்.”

யூலிற்றா வாட்டுக்குப் போனாள். பெண்கள் வாட்டில் அன்று பதினாலு பேர். பதினாலு பேரையும் பார்த்தாள். மருந்து நேரத்தில் மருந்து கொடுத்தாள். இரண்டு மணிக்குப் பாரப் புத்தகத்தைத் திறந்து, சிலுவை போட்டு, பதினாலு கட்டிலையும் ஒன்றும் விடாமல் எழுதினாள். கீழே, ‘28-12-1959 முதல் இந்தப் புத்தகங்களில் கமலாசனி என்று எழுதியவள் நான்’ என்று எழுதி, ‘யாக்கோப்பு யூலிற்றா’ என்று தெளிவாக வைத்தாள். புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கந்தோர் அறைக்கு வந்தாள். அப்புத்துரையும் கமலாசனியும் அங்கே லொறிக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் போறன். பாரம் எடுக்க ஆள் வேணும்.”

“பின்னேர ஆள் எங்கை?” என்று அப்புத்துரை கேட்டார்.

“அவவுக்கு இந்தக் கிழமை வெட்டு. நீங்கள்தான் வெட்டினது. மற்ற ரெண்டு பேரும் ஆம்பிளையள் வாட்டிலை.”

“நாளைக்கு ஒரு ஆளை விடுறன். இண்டைக்கு நில்.”

“மார்கிறட்டை நிக்கச் சொல்லுங்கோ.”

அவர் சிரிக்கப் பார்த்தார். அப்போதுதான் மேசைக்குப் பின்னாலிருந்து சிற்றம்பலம் எழும்பினார். நேரம் கடந்துதான் எழும்பினார். அதையும் எழுதத்தான் வேண்டும்.

“பாரம் எடுக்காமல் வாட்டை விடேலாது, அப்புத்துரை. ஆள் விடுறது உங்கடை பொறுப்பு, கொந்தராத்திலை இருக்கு. ஆள் இந்தா நிக்கிறா. பெண்கள் வாட்டு, நீங்கள் நிக்கேலாது. கமலாசனி நிக்கட்டும்.”

“இவளுக்கு என்ன தெரியும்?”

“நாலரை வருச அனுபவம் எண்டு எழுதிக் குடுத்தது நீங்கள்தானே.”

கமலாசனி அத்தானைப் பார்த்தாள். அவர் வாசலைப் பார்த்தார். யூலிற்றா பேனையைத் துடைத்து அவளிடம் நீட்டினாள்.

“பயப்படாதையுங்கோ. எல்லாம் எழுதியிருக்கு. ஒன்பதாம் கட்டில் ஆச்சிக்கு இடுப்பு முறிவு, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் புரட்டவேணும். புரட்டேக்கை காலைப் பிடியாதையுங்கோ.”

‘பாரம் எடுத்தவர்’ என்ற இடத்தில் கமலாசனி கையெழுத்து வைத்தாள். அந்தப் பெயர் அந்தப் புத்தகத்தில் முதல்முறையாக உண்மையாக விழுந்தது. நேரம் 2.25.

யூலிற்றா துணி மூட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாட்டு விறாந்தையால் நடந்தாள். ஒன்பதாம் கட்டிலிலிருந்து அன்னபாக்கியம் ஆச்சி கூப்பிட்டாள்.

“பிள்ளை யூலிற்றா, பெட்பான்.”

அவள் கால்கள் தாமாகத் திரும்பின. எட்டு வருடப் பழக்கம். இரண்டு அடி திரும்பி வைத்தவள் நின்றாள். கதவடியில், நல்ல சேலையின் தலைப்பை இடுப்பில் செருகத் தெரியாமல், கமலாசனி நின்றாள்.

“பாரம் எடுத்தவவைக் கேளுங்கோ, ஆச்சி” என்று சொல்லிவிட்டு யூலிற்றா படி இறங்கினாள்.